காரைச் சாமியும் முளைக்காத அரசமரமும்

சங்கரன்கோவிலில் வியாழக்கிழமை விடிந்தால் போதும், வாடகைக்குக் குடியிருக்கிற ஜனமெல்லாம் வீட்டுச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்துவிடும். உண்மையில் சுரண்டக்கூட வேண்டாம். நம் வாடகை வீட்டுச் சுவர்கள் அவ்வளவு சிரமம் கொடுப்பதில்லை. பக்கத்தில் நின்று தும்மினாலே கை நிறையக் காரை உதிரும். அதில் ஒரு கட்டியைப் பொறுக்கி, மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு, புளியங்குடி ரோட்டுச் சந்தில் மூடிக் கிடந்த தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகைக்குக் கிளம்பிவிடும். அங்கேதான் காரைச் சாமி உட்கார்ந்திருந்தார்.

காரைச் சாமி யார் வீட்டுக்கும் வரமாட்டார். வரவேண்டிய தேவையும் இல்லை. நீங்கள் கொண்டுபோன காரைக்கட்டியைக் காதோடு ஒட்டி வைத்துக் கண்ணை மூடுவார். கட்டி பேசும். உங்கள் வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த ஜன்னலுக்குக் கொண்டி இல்லை, எந்தக் கதவை இழுத்தால் கையோடு வந்துவிடும் என்று அத்தனையும் அவர் காதில் சொல்லும். அவர் நமக்குச் சொல்லுவார். ஜனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

சிவகிரியிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். கடையநல்லூரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். போன வாரம் ஒரு பேங்க் மேனேஜரே வந்து போனார் என்று டோக்கன் கொடுக்கிறவர் சொன்னார். எந்த பேங்க் என்று யாரும் கேட்கவில்லை. மேனேஜரே வந்துவிட்டார் என்றான பிறகு கேள்வி எதற்கு?

பரிகாரம் சுலபம். ஒரு செப்புத் தகடு தருவார், காணிக்கை வைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். நோய் கண்ட சுவரில் அதை மாட்டி ஒரு மண்டலம் விளக்கேற்ற வேண்டும். மண்டலம் முடிகிறவரை அந்தச் சுவரில் கொத்தனார் கரண்டி படக்கூடாது. வீட்டைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை வாயில் வரக்கூடாது. முக்கியமாக வீட்டு ஓனரிடம் சொல்லவே கூடாது. சொன்னால் தோஷம் இரண்டு பங்காகும்.

இப்படி ஒரு சாமியை ஓனர்கள் தலையில் வைத்துக் கொண்டாடாமல் என்ன செய்வார்கள்? வீடு ஒழுகுகிறது என்று போன் வந்தால், முதலில் சாமியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று ஓனர்களே வழி சொன்னார்கள். ஆனால் ஒரு ஓனரும் அந்த வரிசையில் நின்றதாகத் தகவல் இல்லை. ஓனர் வீட்டுக் காரைக்குப் பேச வராது போலிருக்கிறது.

மாரிக்கண்ணன் உரக்கடையில் பில் போடுகிறவர். பகுத்தறிவில் மற்றவர்களைவிடத் தனக்கு ஒரு படி கூடுதல் என்று அவருக்கே ஓர் எண்ணம் உண்டு. எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கோத்து வயலில் கட்டுகிற விவசாயச் சம்சாரிகளைப் பார்த்தால் விடமாட்டார். பூச்சி வந்தால் மருந்து அடிக்க வேண்டும், கும்பிட்டால் பூச்சி போகுமா என்று பில்லோடு சேர்த்து ஒரு பிரசங்கமும் கொடுப்பார். காலையில் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்புகிற குட்மார்னிங்கூட மூடநம்பிக்கை ஒழிக என்றுதான் முடியும். ஒரே ஒரு சங்கடம். அந்த அறிவு கடை சாத்தும்போது கல்லாப்பெட்டியோடு சேர்ந்து பூட்டுப்பட்டுவிடும். வீடுவரை வராது.

வீடு என்றால் ஓனர் பாண்டியராஜன் அண்ணாச்சியின் வளவில் வரிசையாக இருக்கிற வீடுகளில் ஒன்று. அதில் உள்ரூம் சுவருக்குள் எங்கோ பைப் ஒழுகி, ஓதம் ஏறி, சுவர் முழுக்க ஈரம். அதே சுவரில்தான் சுவிட்சுப் பெட்டி. ஒருநாள் மகள் காவியா பள்ளிக்கூடம் விட்டு வந்து ஃபேன் போடக் கை வைத்தாள். தூக்கி எறிந்துவிட்டது. கட்டில்மேல் விழுந்ததால் தலை தப்பியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் மோர் கடைகிற மர மத்துதான் லைட் போட்டது, மத்துதான் ஃபேன் நிறுத்தியது. மாரிக்கண்ணனின் மனைவி பிரேமலதா, மகள் உள்ரூம் பக்கம் போனாலே பின்னால் ஓடினாள்.

அண்ணாச்சிக்கு எத்தனை தடவை போன் போட்டாலும் ஒரே பதில்தான், "பாப்பம்." வாடகை போனிலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அப்புறம் அவருக்கு வளவுப் பக்கம் என்ன சோலி?

வாடகைக்கு இருக்கிறவனுக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. ஓதம் என்றால் ஓனர் காதில் ஏறாது. ஒழுகுகிறது என்றால் பாதிதான் ஏறும். ஆகவே இடிகிறது என்று சொல்ல வேண்டும். மாரிக்கண்ணனும் சொன்னார். உள்ரூம் மேல்தளம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெடித்துவிட்டது என்று போனில் ஒரு விரிசலை விட்டார். அந்த வீட்டில் பழுதே இல்லாத ஒரே பொருள் அந்த மேல்தளம்தான். எந்த ரூம், எந்த முனை என்று எதிர்முனை விசாரித்துக்கொண்டது. அப்புறம் அண்ணாச்சி, "அப்படியா வே? வியாழக்கிழம சாமியப் பாத்திரும்" என்றார்.

உரக்கடைப் பகுத்தறிவு, டோக்கன் கொடுக்கிறவரிடம் தன் பேரையும் ஓனர் பேரையும் சொல்லிவிட்டு, காரைக்கட்டியோடு வரிசையில் நின்றது. தெரிந்த சம்சாரி யாராவது பார்த்துவிடக் கூடாதே என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டது.

சாமி கட்டியைக் காதில் வைத்தார். கண்ணை மூடினார்.

"உள் ரூமு. சுவிட்சு இருக்க சுவத்துல ஒரு சக்தி குடியிருக்கு. உன் பிள்ளயத் தொட்டுப் பாத்திருக்கு. மேல ஒரு கோடு ஓடுது. இந்த முனையில இருந்து அந்த முனைக்கு, நாகம் ஓடுன தடம் மாதிரி."

மாரிக்கண்ணனுக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டு தோளுக்கு இறங்கியது. தகட்டைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டு வந்தவர், நேராகச் சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டினார். பிறகு கட்டில்மேல் ஏறி, டார்ச் அடித்து மேல்தளத்தைத் தேட ஆரம்பித்தார்.

"என்ன தேடுதீங்க?" என்று கேட்டாள் பிரேமலதா.

"விரிசல. சாமி சொல்லிட்டாரு."

"அந்த விரிசல நீங்கதான ஓனர்ட்ட உண்டாக்குனீங்க?"

மாரிக்கண்ணன் கட்டில்மேல் நின்றபடியே யோசித்தார். தான் சொன்னது பொய் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. வந்த ஞாபகத்தை வைத்து அவர் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்களும் நானும் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தார். அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்.

"நான் பொய்னு நெனச்சுத்தான் சொன்னேன். அது நெசமா இருந்திருக்கு பாரு."

பிரேமலதா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். காவியா மத்தைத் தூக்கிக்கொண்டு ஃபேன் போட வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பிரேமலதா போனை எடுத்து, புருஷன் முன்னாலேயே ஓனருக்கு அடித்தாள்.

"அண்ணாச்சி, அடுப்படி மேக்குச் சுவத்துல அரசங்கன்னு ஒண்ணு முளைச்சுட்டு. கைத்தண்டிக்கு வளந்துட்டு."

அடுப்படி மேற்குச் சுவரில் முளைத்திருந்தது ஒரு ஆணி. அதில் ஒரு சல்லடை. அவ்வளவுதான். மாரிக்கண்ணன் கையைக் காலை உதறினார். மண்டலம் கெட்டது, வாய் திறக்கக் கூடாது என்று சாமி சொல்லியிருக்கிறாரே என்று தவித்தார். போனில் அண்ணாச்சி வழக்கம்போலப் பாப்பம் என்றார். அந்தத் தகட்டுக்கு மரம் கட்டுப்படாது என்று சொல்லி, இந்த வியாழக்கிழமை மறுபடி ஒரு தடவை சாமியிடம் போய்விட்டு வரச் சொன்னார்.

பிரேமலதா அடுத்த வீட்டுக் கதீஜம்மாளிடம் மட்டும் அது பொய் மரம் என்கிற விஷயத்தைச் சொல்லிவைத்தாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அடுப்படி. என்னிடம் கேட்காமல் என் சுவரில் மரம் வளர்க்கிறாயா என்று கதீஜம்மாள் செல்லமாகக் கோபித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே போனார்கள். சாமி புதுக் கட்டியைக் காதில் வைத்தார். இந்தத் தடவை முகம் கொஞ்சம் கோணியது.

"மேக்க. அடுப்படி. மரம் ஒண்ணு வேர் விடுது. அரசு. கைத்தண்டிக்கு இருக்கு."

வரிசை முழுக்க ஆ என்றது. மாரிக்கண்ணன் கணக்குப் போட்டார். ஒரு பொய் பலித்தால் தற்செயல். இரண்டும் பலித்தால் அது தெய்வம் அல்லவா? தன் மனைவியின் வாயிலும் தெய்வம் குடியிருக்கிறது என்று அவர் கும்பிடப் போனார். அதற்குள் அவள் சாமி காலில் விழுந்துவிட்டாள். எங்கள் பிள்ளை உயிரைக் காப்பாற்ற வேண்டும், சாமி ஒருதடவை வந்து அந்த மரத்தை எல்லாருக்கும் காட்டினால் போதும் என்று கேட்டாள். சாமி வெளியே வருவது வழக்கமில்லை என்றார் டோக்கன்காரர். கூட்டம் கேட்குமா? சாமி காட்டுகிற மரத்தைப் பார்க்க எல்லாருக்கும் ஆசை. அன்போடு கையைப் பிடித்தார்கள், பக்தியோடு தூக்கிவிட்டார்கள். பக்தி சில நேரம் போலீஸ் வேலையும் பார்க்கும்.

இரண்டு தெரு தள்ளி வளவு. அடுப்படி நிறைய ஆள். மேற்குச் சுவரில் சல்லடை தொங்கியது. அதற்குக் கீழே குழம்பு தெறித்த கறை. மரம் இல்லை.

சாமி அசரவில்லை. இது சூட்சும விருட்சம், பாவக் கண்ணுக்குப் படாது என்றார்.

உடனே முன்வரிசையில் ஒருவருக்கு இலை தெரிந்தது. பக்கத்தில் நின்றவருக்கு ஒரு கிளையே தெரிந்தது. பின்னால் நின்ற அம்மாவுக்குக் காற்று வந்தது. பாவக் கண் என்று யார்தான் ஒத்துக்கொள்வார்கள்? வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டும் என்றால், மாரிக்கண்ணனுக்கும் சல்லடைக்குப் பக்கத்தில் ஏதோ பச்சையாக ஆடியது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கதீஜம்மாளின் குரல் வந்தது.

"இலைய அங்கன பாத்துட்டீய. வேரு இங்கனல்லா வரணும்? வந்து பாருங்க, என் மசாலா டப்பாதான் இருக்கு."

பிரேமலதா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"இந்த மரம் முளைச்சிருக்குன்னு நான் ஒரே ஒருத்தர்ட்டதான் சொன்னேன். ஓனர்ட்ட, போன்ல. காரைக்கட்டிட்ட சொல்லல."

பிறகு புருஷனைப் பார்த்தாள். அதற்குமேல் பார்க்கவேண்டிய தேவை இல்லை. மாரிக்கண்ணன் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, மேல்தளத்து விரிசலும் தான் ஓனரிடம் விட்ட புளுகுதான் என்று சொன்னார். பொய்யைச் சொன்னதும் நான்தான், அதையே சாமி திருப்பிச் சொன்ன பிறகு டார்ச் அடித்துத் தேடியதும் நான்தான் என்றார். உரக்கடையில் அவரிடம் பிரசங்கம் கேட்ட இரண்டு சம்சாரிகள் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இலை பார்த்தவருக்குத்தான் கோபம் வந்தது. சாமிமேல் இல்லை, மாரிக்கண்ணன்மேல். "பொய் சொல்லிச் சாமியவா சோதிக்கீரு? வெளங்குவீரா வே?"

இந்த நேரத்தில் பாண்டியராஜன் அண்ணாச்சி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தன் வளவுக்குள் ஊரே நுழைந்திருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கதவு மாரிக்கண்ணன் வீடு என்று தெரியாமல் முதலில் கதீஜம்மாள் வீட்டுக்குள் போய்விட்டு வந்தார். எல்லாரையும் கலைந்து போகச் சொன்னார்.

பிரேமலதா அவரையும் சாமியையும் உள்ரூமுக்கு அழைத்தாள். கூட்டமும் வாசலில் நெருங்கியது. தகடு மாட்டி விளக்கேற்றிய சுவர் பளபளவென்று ஈரமாக நின்றது.

"மரம் கண்ணுக்குத் தெரியாது. சரி. சக்தி கட்டுப்பட்டுட்டான்னு தொட்டுச் சொல்லலாம்லா? சாமி அந்தச் சுவத்துல கை வைங்க. இவங்க எல்லாரும் பாக்கட்டும்."

சாமி சுவரைப் பார்த்தார். சுவிட்சுப் பெட்டியைப் பார்த்தார். ஓர் அடி பின்னால் வைத்தார்.

"அதெப்படி தாயி தொட? கரண்டு அடிக்கும்லா."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. இலை பார்த்தவர்கூட வாயைப் பிளந்தார். முதலில் சிரித்தது கதீஜம்மாள்தான்.

"அண்ணாச்சி, நீங்க தொடுங்க" என்றாள் பிரேமலதா. "உங்க சுவருதான."

அண்ணாச்சி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பயப்படாண்டாம். மெயின காலையிலேயே ஆஃப் பண்ணிட்டேன். எங்க பிள்ள கை வச்சப்போதான் அது ஆன்ல இருந்துச்சு."

மாரிக்கண்ணன் போய்ச் சுவரில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். ஒரு கூடை காரை அண்ணாச்சியின் செருப்பில் விழுந்தது. அத்தனை பேரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் போனை எடுத்தார். அந்தத் தடவை பாப்பம் என்ற வார்த்தை வரவில்லை. எலக்ட்ரீசியனையும் கொத்தனாரையும் பைப்புக்காரரையும் அங்கே நின்றபடியே வரச் சொன்னார். டோக்கன்காரர் எப்போதோ கிளம்பிவிட்டார். சாமி கூட்டத்துக்குள் வழி தேடிக்கொண்டிருந்தார். உள்ளே வரும்போது கைபிடித்து அழைத்தவர்கள் இப்போது காணிக்கையைக் கேட்டுக் கைபிடித்தார்கள்.

சாயங்காலத்துக்குள் சுவரை உடைத்துப் பழைய பைப்பை எடுத்தார்கள். சுவிட்சுப் பெட்டியைக் காய்ந்த சுவருக்கு மாற்றினார்கள். காவியா விரலால் ஃபேன் போட்டாள். போட்டாள், நிறுத்தினாள், மறுபடி போட்டாள். பிரேமலதா மத்தை எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்தாள்.

எல்லாரும் போன பிறகும் ஒரு அம்மா மட்டும் வாசலில் நின்றார். சூட்சும மரத்துக் காற்று வாங்கிய அதே அம்மாதான். மஞ்சள் முடிச்சை அவிழ்த்து, ஒரு காரைக்கட்டியை எடுத்துப் பிரேமலதாவின் முன்னால் பயபக்தியோடு நீட்டினார். அவன் கள்ளன் என்று தெரிந்துவிட்டது, நீங்கள்தான் விஷயம் தெரிந்தவர்கள், கொஞ்சம் காதில் வைத்துக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

மாரிக்கண்ணன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். தானும் ஒருநிமிஷம் அதையே நினைத்ததை வெளியே சொல்லவில்லை.

"நான் எதுக்கும்மா கேக்கணும்?" என்றாள் பிரேமலதா. "அந்த வீட்டுல நீங்கதான குடியிருக்கீங்க. மெயின ஆஃப் பண்ணிட்டு, நீங்களே தொட்டுப் பாருங்க."

அந்த அம்மா கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். யோசிக்கிற இடத்தில் மட்டும் எந்தக் காலத்திலும் கூட்டம் இருந்ததில்லை. நீங்களும் தாராளமாக வரலாம்.