ஹாரன் அண்ணாச்சியும் இங்கிலாந்து இன்சூரன்சும்

தூத்துக்குடியில் காது டாக்டர்கள் பிழைத்ததே ஹாரன் அண்ணாச்சியால்தான். துறைமுகத்தில் இருபத்தைந்து வருஷம் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். நாய்க்கு ஹாரன், மாதா கோயிலுக்கு ஹாரன், ஆளே இல்லாத உப்பளத்துக்கும் ஹாரன். கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் நான் போன் பேசும்போது அவர் வண்டி கடந்தால், கப்பல் கிளம்பிவிட்டதா என்று மறுமுனையில் கேட்பார்கள்.

இப்பேர்ப்பட்டவர் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே மகளுக்கு நிறைமாதம். மருமகனோ கப்பல் வேலையில் நடுக்கடலில். வீட்டு வாசலில் கார் நிற்கிறது, ஆஸ்பத்திரி தொலைவு. நம்ம ஊர் லைசென்சை வைத்து அங்கே ஒரு வருஷம் ஓட்டலாமாம். ஆனால் இன்சூரன்சில் பேர் இல்லாமல் சாவியைத் தொடக்கூடாது.

முன்னால் விபத்து ஏதும் உண்டா, இல்லையென்றால் என்ன அத்தாட்சி என்று இன்சூரன்ஸ் ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். அண்ணாச்சி அங்கே உட்கார்ந்தபடியே எங்கள் துறைமுக வாசல் டீக்கடைக்கு வீடியோ கால் போட்டு, போனை ஆபீஸ் பெண்ணின் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டார்.

“ஏலே, இந்தப் பிள்ளைட்ட சொல்லு. நான் யாரையாவது இடிச்சிருக்கனா?”

டீக்கடை செல்வம் முந்திக்கொண்டார். “எப்படி இடிப்பீங்க? நீங்க வார சத்தம் கேட்டாலே நாங்கல்லாம் கடைக்குள்ள ஏறிருவோம்லா.”

மிகவும் எச்சரிக்கையான ஓட்டுநர் என்று, அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் சிரித்தாள். சிரித்து என்ன? நேற்று லைசென்ஸ் வாங்கிய பொடிப்பயல்கள் கணக்கில் அண்ணாச்சியைச் சேர்த்து, காரில் ஒரு பெட்டியையும் மாட்டச் சொல்லிவிட்டார்கள். வேகத்தையும் பிரேக்கையும் வேவு பார்க்கிற பெட்டி.

“ஹாரனையும் எண்ணும்லே,” என்றார் மறுநாள் போனில். “அடிச்சா இன்சூரன்ச வெட்டிருவான்.”

“அதெல்லாம் எண்ணாது அண்ணாச்சி.”

“வெட்டிட்டான்னா பிள்ளைய யாரு கொண்டுபோவா? நீ வருவியா?”

அதன்பிறகு வாத்துக்கூட்டம் ரோட்டை மறித்தபோதும் அவர் ஹாரனைத் தொடவில்லையாம். மகள் போனில் சொன்னாள்.

“ஏளா, அப்பாவ டாக்டர்ட்ட காட்டு,” என்றார் செல்வம்.

போன மாதம் ஒரு சாயங்காலம், டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சியிடமிருந்து போன். எடுத்தால் பேச்சே இல்லை. நீளமாக ஒரு ஹாரன்தான் கேட்டது. பக்கத்தில் எவனோ இங்கிலீஷில் திட்டுவதும் கேட்டது.

“பிள்ள பொறந்துட்டு,” என்று கிளாசைக் கீழே வைத்தார் செல்வம்.

“பேத்திலே,” என்றது அண்ணாச்சி குரல். “ரெண்டு பேரும் நல்லாருக்காவ. இனி பெட்டி எண்ணிக்கிடட்டும்.”

மறுபடி அடித்தார். இருபத்தைந்து வருஷம் என் காதைக் கிழித்த சனியன் பிடித்த ஹாரன். அது ஓயும்வரை போனைக் காதிலிருந்து எடுக்க எனக்கு மனசு வரவில்லை.