டைம் கீப்பர் வீட்டு மாத்திரை நேரம்

கள்ளக்குறிச்சி,
13-11-2025

வடக்கனந்தலில் வாழும், என் அன்புக்கும் அதைவிட அதிகமாக என் அச்சத்துக்கும் உரிய மச்சான் ஆதிமூலம் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் அரங்கநாதன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் நலமும், தங்கள் துணைவியார் லட்சுமியம்மாள் அக்கா நலமும், கரும்பு, மரவள்ளி, மாடு கன்றுகளின் நலமும் அறிய ஆவல். இங்கே நான் நலம். செல்வியும் நலம். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு நான்கு மாதம் பிடித்திருக்கிறது. அதனால் ஆசை தீர இன்னொரு முறை எழுதிக்கொள்கிறேன்: செல்வி நலம்.

தீபாவளிக்கு வரிசைத் தட்டோடு நீங்கள் வந்த அன்று, நீங்கள் எடுத்து வந்த புடவையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நீங்கள் வாசலில் நின்று தெருவே கூடும்படி, "பொண்ணக் குடுத்தா இப்புடித்தான் போட்டு வெச்சிருப்பியா மாப்ள? கார்த்திக ஒண்ணாந் தேதி வருவேன். அன்னிக்கும் அவ எழுந்து நடக்கலன்னா எங்க வூட்டுக்கே கூட்டிக்கினு பூடுவேன். அதுவரிக்கும் எனுக்கு போன் பண்ணாத. இன்னா நடந்துதுன்னு எழுதிக் குடு!" என்றீர்கள். எழுதிக் கொடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் மச்சான். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து, லேட்டாக வந்த ஒவ்வொரு கண்டக்டரிடமும் எழுதி வாங்கியவன் நான். அவர்கள் எல்லோரும் கரும்பு டிராக்டர் மேலேயே பழியைப் போடுவார்கள். நான் யார் மேலும் போடப் போவதில்லை. தப்பு முழுக்க என்னுடையது. அதைச் சொல்லிவிட்டு, அவளை அழைத்துப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். அவள் இல்லாமல் இந்த வீட்டில் நான் இருக்க மாட்டேன், இருக்கவும் தெரியாது.

ஆடி மாதம் ஆரம்பித்தது. கோலம் போடக் குனிந்தவள் பாதிக் கோலத்தில் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருக்கும்போதே கண் சொருகும். மாடிப்படி ஆறு ஏறுவதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்குவாள். நான் பெரிய மேதாவி மாதிரி, "வயசாவுதுல்ல?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஒருநாள் குடிநீர்க் குழாயடியில் மயங்கி விழுந்தாள். டாக்டரம்மாவிடம் ஓடினோம். ரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள், கடைசியில் கோளாறு ஒன்றல்ல மூன்று என்றார்கள். கழுத்தில் இருக்கும் தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனலும் சுரக்கவில்லை. மூன்றாவதை அவள் அண்ணனான உங்களுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்களுக்குக் குறைந்துபோகிற ஹார்மோன். டாக்டரம்மா அதைச் சந்தையில் கத்திரிக்காய் விலை சொல்வதுபோல் சொன்னார். நான்தான் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன், இருந்தது ஒன்றுதான் என்றாலும். "மூணுக்கும் மருந்து இருக்கு. அளவும் நேரமும் சரியா இருந்தா அசதி கொஞ்சம் கொஞ்சமா போயிடும்" என்றார். நேரம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது என் இலாகா அல்லவா?

காலை ஐந்தரைக்குத் தைராய்டு மாத்திரை, வெறும் வயிற்றில், அதன்பின் ஒரு மணி நேரம் டீ கிடையாது. ஏழு மணிக்கு இட்லியோடு அட்ரீனல் மாத்திரை. மதியம் சாப்பாட்டோடு அதிலேயே குறைந்த அளவில் இன்னொன்று. சாயங்காலம் சுண்ணாம்புச் சத்து. இரவு ஒன்பதுக்கு அந்த ஹார்மோன். அட்ரீனல் மாத்திரையை மட்டும் ஒருநாள்கூட நிறுத்தவே கூடாது என்று டாக்டரம்மா மூன்று முறை சொன்னார். நான் அன்றே பாத்திரக் கடைக்குப் போய் வட்டமான எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி ஒன்று வாங்கினேன். உள்ளே ஐந்து கிண்ணம், ஐந்து நேரம். எல்லா மாத்திரைகளையும் அட்டையிலிருந்து உரித்து ஒரு மாதத்துக்கு நிரப்பினேன். கிண்ணத்தில் பெயர் எழுதி ஒட்டலாமே என்று செல்வி கேட்டாள். எழுதி ஒட்டுவதெல்லாம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு என்றேன். எங்கள் சமையலறை ஜன்னலில் கல்வராயன் மலை தெரியும். மலையைப் பார்த்த கிண்ணம் ஐந்தரை, அங்கிருந்து வலமாக ஏழு, ஒன்று, ஐந்து, ஒன்பது. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை மாத்திரை, ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். கொடுத்தேன். புரட்டாசிக்குள் அவள் கோலத்தை முழுசாகப் போட்டாள், சாம்பாரில் உப்பு இல்லை என்று என்னைத் திட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது மச்சான். வேலையில் இருந்தவரை நோட்டு, பேனா, விசில், சுவர்க் கடிகாரம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் பழகிய கை இது. ஓய்வு பெற்றவனுக்குப் பொட்டு வைக்க என்ன இருக்கிறது? நான் இப்போது நேரம் பார்த்து அனுப்புகிற ஒரே வண்டி அந்த மாத்திரைப் பெட்டிதான். நன்றாகத் துடைத்து, அந்த மாதத்து மாத்திரைகளை நிரப்பி, மூடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திப் பூ சாற்றி, பொரி கடலைக்குப் பக்கத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினேன். மறுநாள் எடுத்து அலமாரியில் பழைய இடத்தில் வைத்தேன். இடம் பழைய இடம்தான். பெட்டி வட்டமானது என்பதை மறந்துவிட்டேன். அது திரும்பி உட்கார்ந்துவிட்டது.

அன்றிலிருந்து செல்வி படுத்தவள் படுத்தவள்தான். பகலெல்லாம் துவண்டு கிடக்கிறாள், ராத்திரி விடிய விடிய விழித்துக்கொண்டு மின்விசிறியின் சத்தத்தைக் குறை சொல்கிறாள். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி, "கண்ணு பட்டுடுச்சிங்க, வேற இன்னா?" என்றதும் பூசணிக்காய் உடைத்தேன். அதில் நான்தான் வழுக்கி விழுந்தேன். எனக்குப் பயம் வரவர நேரத்தில் இன்னும் கெடுபிடி ஆனேன். ரேடியோ மணியோடு ஒத்துப்பார்த்து, ஒரு நிமிஷம் பிசகாமல், தப்பு மாத்திரையைக் கொடுத்தேன். ஒருநாள் மத்தியானம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எழுந்துக்கவே மாட்டேனாங்க?" என்று கேட்டாள். நான் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அதற்கடுத்த வாரம்தான் நீங்கள் வரிசையோடு வந்தது.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் டாக்டரம்மா, கொடுக்கிற மருந்தையெல்லாம் அப்படியே எடுத்து வாருங்கள் என்றார். ஷேர் ஆட்டோவில் செல்வியை ஒரு பக்கம் சாய்த்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். எதிரே இருந்த அம்மாள், சந்தனம் குங்குமத்தைப் பார்த்துவிட்டுத் தொட்டுக் கும்பிட்டாள். டாக்டரம்மா மூடியைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். "இதுல காலை எது?" "மலைப் பக்கம் இருக்கிறதுங்க." "இங்க மலை எந்தப் பக்கம்?" அந்த அறைக்கு ஜன்னலே இல்லை மச்சான். "சரி, வூட்டுல வச்ச மாதிரியே வச்சுக் காட்டுங்க" என்றார். அன்று காலை ஐந்தரைக்கு எடுத்த கிண்ணத்தைப் பார்த்து, அதை முன்னால் திருப்பி வைத்தேன். அவர் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து மேஜையில் வரிசையாக வைத்தார். தைராய்டு மாத்திரை சாயங்காலம் டீயோடும் பஜ்ஜியோடும் போயிருக்கிறது. அவளைக் காலையில் எழுப்பிவிட வேண்டிய அட்ரீனல் மாத்திரை ராத்திரி ஒன்பது மணிக்குப் போயிருக்கிறது. காலை இட்லிக்குச் சுண்ணாம்புச் சத்து. "நீங்க இன்னா வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். டைம் கீப்பர் என்று சொல்ல வாய் வரவில்லை. போக்குவரத்து என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். செல்விதான் படுத்தபடியே, "டைம் கீப்பருங்க" என்றாள்.

கொன்றுவிட்டேனா என்று கேட்டேன். "எதையும் நிறுத்தல, அதுவரைக்கும் நல்லது. நேரந்தான் மாறிப்போச்சு. சரியாயிடும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழலாம்போல் இருந்தது. மாத்திரையை இனி அட்டையோடுதான் வைக்க வேண்டும் என்று உத்தரவு. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவரே சொல்வார். செல்விக்குத் தனியாக ஒன்று சொன்னார்: "தெம்பா இருக்கிற நாள்ல நாலு நாள் வேலைய ஒண்ணா இழுத்துப் போட்டுக்காதீங்க. மத்தியானம் கொஞ்சம் படுங்க. அது சோம்பேறித்தனம் இல்ல, வைத்தியம்." செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நேற்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பினேன். அவளுக்காகப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அறைக்குள் போனால் பாய் சுருட்டி வைத்திருக்கிறது, ஆள் இல்லை. கொல்லையில் இல்லை, பாப்பாத்தி வீட்டில் இல்லை. நீங்கள்தான் முன்கூட்டியே வந்து அழைத்துப் போய்விட்டீர்களோ என்றுகூட நினைத்தேன், அப்படி இருந்தால் தேவலை என்றும் நினைத்தேன். செருப்பு மாட்டாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அங்கே கண்டக்டர் பிச்சைமுத்து, "அண்ணி வெள்ளிமலை வண்டில ஏறிட்டாங்களே! ஜன்னலோரம் சீட்டு கேட்டாங்க, உக்கார வெச்சேன்" என்றான். மத்தியான மாத்திரை அட்டையை எடுத்து வரக்கூடத் தோன்றாமல் வந்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு, மருந்துக் கடையில் சீட்டைக் காட்டி ஓர் அட்டை வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறினேன். வண்டி உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. வடக்கனந்தல் வந்ததும் நான் சீட்டுக்குக் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். மன்னிக்கவும். மலை ஏற ஏற ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் எங்கேயாவது மயங்கிக் கிடக்கிறாளா என்று வெளியே பார்த்துக்கொண்டே போனேன்.

வெள்ளிமலையில் இறங்கினேன். சாமையும் தேனும் விற்கிற கடை வாசலில் ஒரு குரல். "இது இன்னா தேனா, வெல்லப் பாகா? எங்கண்ணன் வூட்ல கரும்பே போடறாங்க, எனுக்கேவா?" நான்கு மாதமாகக் கேட்காத குரல் மச்சான். முழுக் குரல். கடைக்காரர் பாவம், அடுத்த பாட்டிலை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீங்க எதுக்கு வந்தீங்க? செருப்பு எங்க? மாத்திரையா? அத ஒரு மணிக்கே தக்காளி சோறு துன்னுட்டுப் போட்டுக்கினேன். நாலு மாசமா அந்தச் செவுத்தையே பாத்துக்கினு கிடந்தேன், கொஞ்சம் மலையப் பாக்கலாம்னு வந்தேன். வூட்ட வுட்டு வரச்சே அடுப்பெல்லாம் பாத்து நிறுத்தினீங்களா?" என்றாள். அடுப்பை நிறுத்தவில்லை. பாப்பாத்திக்குப் போன் செய்ததில், பால் பாத்திரம் மட்டும் போயிற்று, வீடு இருக்கிறது என்றாள். அந்த நடுக் கடைத்தெருவில் அவள் என்னைத் திட்டத் திட்ட நான் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான். திரும்பி வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கினாள், அது அசதித் தூக்கம் இல்லை, மலைக்குப் போய் வந்தவள் தூங்குகிற தூக்கம். இரண்டும் வேறு வேறு என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

ஆகவே, கார்த்திகை முதல் தேதி நீங்களும் அக்காவும் அவசியம் வாருங்கள். செல்வியே எழுந்து வந்து கதவைத் திறப்பாள். இருந்து விருந்து சாப்பிட்டுவிட்டு, வந்தபடியே இரண்டு பேராகத் திரும்பிப் போங்கள், மூன்று பேராக வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம், கன்றுக்குட்டி முதற்கொண்டு எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். நீங்கள் நூறாண்டு நல்லபடியாக இருந்து என்னை இப்படியே அதட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை
அரங்கநாதன்

பின்குறிப்பு: அண்ணா, இது செல்வி எழுதுவது. ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன் படித்தேன். எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். டாக்டரம்மாவிடம் போய் வந்ததிலிருந்து இவர் போனில் ஒரு நாளைக்குப் பதினொரு அலாரம். மாத்திரைக்கு ஐந்து, மாத்திரை நேரம் வருகிறது என்று சொல்ல ஐந்து, மத்தியானம் நான் படுத்தேனா என்று எழுப்பிக் கேட்க ஒன்று. இப்போது எனக்கு இருக்கிற அசதிக்குத் தைராய்டும் காரணமில்லை, அட்ரீனலும் காரணமில்லை. அதனால் நீ கார்த்திகை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டியில் நானே வருகிறேன், பத்து நாள் தூங்க. இவரிடம் இன்னும் சொல்லவில்லை. அண்ணியிடம் சொல்லி ரெண்டு பேருக்கும் சேர்த்தே உலை வைக்கச் சொல், அடுத்த வண்டியில் இவரும் வந்து இறங்கிவிடுவார்.