ஓம் சின்யோரா

பலேர்மோ நகரத்தில் அமைதியைத் தேடி அந்த மனுஷி போட்ட சத்தத்தை வேறு யாரும் எதைத் தேடியும் போட்டதில்லை. சீசாப் பகுதியில் அவர் குடியிருக்கும் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். காலை ஆறரைக்கு பால்கனியில் பாயை விரித்து, சம்மணம் கட்டி, கண்ணை மூடுவார். அந்த நேரம் பார்த்துக் கீழே மரக்கறி வண்டிக்காரன் கத்தரிக்காய் விலையைக் கூவுவான். இவர் எழும்பி, கம்பியைப் பிடித்துக் குனிந்து, "சத்தம் போடாதை! நான் தியானம் செய்யிறன்!" என்று கத்துவார். அந்தக் கத்தலில் நாலு வீட்டு நாய்கள் குரைக்கும். நாய்களையும் ஏசுவார், நாய்களின் சொந்தக்காரர்களையும் ஏசுவார். பிறகு பாயில் வந்து உட்கார்ந்து, "ஆ, என்ன ஒரு அமைதி" என்று பெருமூச்சு விடுவார்.

அவர் பேசியதெல்லாம் இத்தாலியன்தான். ஆனால் இத்தனை வருடம் கழித்து என் காதில் அது எங்கள் தமிழாகவே விழுகிறது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழிலால் அவர் பல் வைத்தியர். முதலாம் மாடியில் கிளினிக், மூன்றாம் மாடியில் வீடு. இங்குள்ள எங்கள் தமிழ்ச்சனத்துக்கு அவர் முதலில் 'பல்லுச் சின்யோரா'; சின்யோரா என்றால் அம்மணி. பிறகு 'ஓம் சின்யோரா' ஆனார். அதற்கு முழுப் பொறுப்பு நான்தான்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மன்னாரிலிருந்து ஓ-பேர் ஆகப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்டார்:

"ஓ பேரோ? ஏன், உன்ரை பேருக்கு என்ன குறை?"

"அது பேரில்லையம்மா. ஒரு குடும்பத்தோடை இருந்து பிள்ளையைப் பாக்கிறது. பாஷையும் படிக்கலாம்."

"அப்ப வேலைக்காரியோ?"

"இல்லை."

"விருந்தாளியோ?"

"அதுவும் இல்லை."

"ரெண்டும் இல்லாட்டி, ஆரடி அங்கை கோப்பை கழுவிறது?"

இந்தக் கேள்விக்கு இத்தாலிக்கு வந்த பிறகும் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஒரு நாள் நான் கழுவினேன், ஒரு நாள் சின்யோரா கழுவினார், மற்ற நாட்களில் கோப்பைகள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு கிடந்தன.

வினை தொடங்கியது வீடியோ நேர்முகத்தில். பிள்ளைகளோடு பழகத் தெரியுமா என்று சின்யோரா உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார். பதற்றத்தில் என் ஆங்கிலம் ஓடி ஒளிந்துகொண்டது. "ஓம்" என்றேன். சமைப்பாயா என்றார். "ஓம்." கடல் பிடிக்குமா என்றார். "ஓம், ஓம்."

ஈழத்துத் தமிழருக்கு 'ஓம்' என்றால் 'ஆமாம்'. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கடையில் சீனி வேண்டுமா என்று கேட்டாலும் ஓம்தான், பூசைக்குப் போனாயா என்று கேட்டாலும் ஓம்தான். ஆனால் திரையின் மறுபக்கத்தில் சின்யோரா கைகூப்பிக் கண்ணை மூடிவிட்டார். கண்ணோரத்தில் ஈரம். நல்ல பக்தியான குடும்பம் போலிருக்கிறது என்று நானும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். அன்றே என்னைத் தெரிவு செய்துவிட்டார்.

வந்து பார்த்தால் கூடத்தில் இந்த ஊரின் காவல் புனிதை சாந்த ரொசாலியாவின் சிலை, பக்கத்தில் ஒரு புத்தர், நடுவில் ஊதுபத்தி. எனக்கென்று ஒதுக்கிய அறையில், என் கட்டிலுக்கு நேரே, பெரிய பித்தளைப் பிள்ளையார். எனக்கு மரியாதை செய்வதற்காக அவரைக் கூடத்திலிருந்து தூக்கி வந்து வைத்தாராம். நான் பரம்பரைக் கத்தோலிக்கப் பெண். ஆனாலும் ஒரே அறையில் இருப்பவரிடம் முகத்தைத் திருப்பக் கூடாதல்லவா? தினமும் செபமாலை சொல்லி முடித்ததும் அவருக்கும் ஒரு காலை வணக்கம் சொல்லிவிடுவேன்.

வீட்டில் இன்னோர் ஆள், சின்யோராவின் ஆறு வயது மகள் ஜூலியா. நான் பார்த்துக்கொள்ள வந்த பிள்ளை. முதல் நாள் பாலைக் காட்டி, வேணுமா என்று சைகையில் கேட்டேன். "சீ!" என்றாள். பாலை எடுத்துப் போய்விட்டேன். பாண் துண்டைக் காட்டினேன். "சீ! சீ!" அதையும் எடுத்துப் போனேன். பிள்ளை அழத் தொடங்கியது. 'சீ' என்றால் இத்தாலியனில் ஆமாம் என்பதைப் புத்தகத்தில் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனால் முகத்துக்கு நேரே ஒருவர் 'சீ' என்னும்போது புத்தகமா ஞாபகம் வரும்? முதல் கிழமை முழுக்க அந்த வீட்டில் யார் எனக்குச் சம்மதம் சொன்னாலும் என் முகம் வாடிப்போகும்.

இதற்குள் எனக்கு உள்ளூர ஒரு நடுக்கம். முதல் ஒரு மாதம் பரீட்சைக் காலம். மாத முடிவில் சின்யோரா கடிதம் கொடுக்க வேண்டும். 'இந்தப் பிள்ளை சரிவராது' என்று எழுதினால் குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் தலைமையகத்தில், எனக்குப் பெர்மெஸ்ஸோ தரமாட்டார்கள். பெர்மெஸ்ஸோ என்பது இந்த நாட்டில் இருக்கலாம் என்கிற அட்டை. அட்டை இல்லாவிட்டால் நேரே மன்னார்தான். என்னை வழியனுப்பச் சுட்ட பலகாரம்கூட வீட்டில் முடிந்திருக்காது. பாஷையைப் படித்து, இங்கேயே ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை ஆகவேண்டும் என்று யாருக்கும் சொல்லாத ஆசை ஒன்றும் எனக்கு இருந்தது.

மூன்றாம் நாள் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் வாட்டசாட்டமான ஓர் அம்மா. என்னைப் பார்த்து, "பெர்மெஸ்ஸோ?" என்றார்.

பொலிஸ்தான் அட்டையைக் கேட்டு வந்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளே ஓடினேன். பாஸ்போர்ட், விண்ணப்ப ரசீது, நாலு புகைப்படம், எதற்கும் இருக்கட்டும் என்று ஞானஸ்நானப் பத்திரம் எல்லாவற்றையும் கொண்டுவந்து அவர் கையில் திணித்தேன். அவர் அவற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். "பெர்மெஸ்ஸோ?" என்றார் மறுபடியும்.

"இவ்வளவுந்தான் இருக்கு! அது இன்னும் வரேல்லை!" என்று தமிழிலேயே கதறினேன்.

சின்யோரா ஓடிவந்து விளக்கினார். இன்னொருவர் வீட்டுக்குள் கால் வைக்கும்போது இத்தாலியர் சொல்லும் வார்த்தையாம் அது. உள்ளே வரலாமா என்று அர்த்தம். வந்தவர் சின்யோராவின் சிநேகிதி. பாஸ்போர்ட்டில் என் படம் வடிவாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

இரண்டாம் கிழமை வியாழக்கிழமை, ஜூலியாவைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால், கூடத்தில் கதிரை மேசை ஒன்றையும் காணோம். தரையில் ஆறு பாய். ஆறு பாயிலும் ஆறு சின்யோராக்கள். எல்லோரும் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள்.

"இவதான் எங்கடை குரு" என்றார் சின்யோரா. "கதைச்ச முதல் நாளிலேயே ஓம் எண்டுதான் வாயைத் திறந்தவ. மற்றவையைப் போல இழுத்துப் பாடேல்லை. மூச்சு விடுறமாதிரிச் சொன்னவ!"

எனக்கு யோகாவில் ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொன்னால்? கடிதம். கடிதம் என்றால் மன்னார். என் மூளை கண்டபடி ஓடிக் கடைசியில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் போய் நின்றது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வருடாவருடம் உடற்பயிற்சிக் கண்காட்சி செய்திருக்கிறேனே!

"கைகள் முன்னே! பக்கத்தே! மேலே! கீழே! ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு! நாலு, மூண்டு, ரெண்டு, ஒண்டு!"

ஆறு பேரும் சின்யோராவும் கண்ணை மூடிக்கொண்டு பயபக்தியோடு திருப்பிச் சொன்னார்கள்: "ஓந்து, ரெந்து, மூந்து, நாலு." ஒருவர் விம்மினார். முடிந்ததும் சின்யோரா என் கையைப் பிடித்து, இந்த மந்திரத்துக்கு என்ன பொருள் என்று கேட்டார்.

"அதை மொழிபெயர்க்க ஏலாது" என்றேன். பொய் சொன்னாலும் கொஞ்சம் தரமாகச் சொன்னேன்.

அன்று அம்மா தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தார். "யோகாவோ? உனக்குக் குனிஞ்சு வீடு கூட்டவே வராது!"

வகுப்பு சூடு பிடித்தது. பெர்மெஸ்ஸோ கேட்ட அந்தச் சிநேகிதி, 'நாலு' என்று என்னிடம் தமிழில் எழுதி வாங்கிப் போய்த் தன் கார்க் கண்ணாடியில் ஒட்டினார். பலேர்மோ வாகன நெரிசலில் அதைப் பார்த்தால் மனம் அடங்குகிறதாம். சின்யோரா இன்னும் ஒரு படி மேலே போனார். கிளினிக்கில் நோயாளிகளிடம் "ஆ" காட்டச் சொல்வதை நிறுத்திவிட்டு, "ஓம் சொல்லுங்கோ" என்று தொடங்கினார். 'ஓ' வரைக்கும் நல்லாய்த்தான் போகும். 'ம்' வரும்போது வாய் மூடும். ஒரே கிழமையில் அவருடைய இரண்டு விரல்களுக்குக் கட்டுப் போட்டாயிற்று. அமைதிக்காகத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்றார்.

மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்கையில் கிளினிக்குக்கு ஜெயம் அண்ணை வந்தார். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய வில்லாவில் தோட்ட வேலை செய்யும் யாழ்ப்பாணத்து மனுஷன். கன்னம் பூசணிக்காய் அளவு வீங்கியிருந்தது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஜூலியா நிறப்பென்சிலோடு மூலையில் உட்கார்ந்து படம் கீறிக்கொண்டிருந்தாள்.

சின்யோரா ஒரு பல்லை மெல்லத் தட்டி, இதுவா என்றார்.

"ஓம்!" என்றார் ஜெயம் அண்ணை.

சின்யோராவின் முகம் மலர்ந்தது. கண்ணை மூடினார். "ஓஓஓம்ம்ம்."

ஜெயம் அண்ணை என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இவ ஏன் கண்ணை மூடுறா?"

நான் பஞ்சுத் துண்டுகளை எண்ணத் தொடங்கினேன். சின்யோரா மறுபடி தட்டினார்.

"ஓம், ஓம், அதுதான்!"

"ஓஓஓம்ம்ம்."

"பிள்ளை, நான் ஓம் ஓம் எண்டுறன், இவ பாட்டெல்லோ படிக்கிறா! பல்லைப் புடுங்கச் சொல்லு பிள்ளை, உயிர் போகுது!"

மூலையிலிருந்து, படத்திலிருந்து தலையைத் தூக்காமலே, ஜூலியா சொன்னாள்: "மம்மா, ஓம் எண்டா 'சீ'. அவருக்கு அந்தப் பல்லுத்தான் நோகுது."

பல் பிடுங்கப்பட்டது. ஜெயம் அண்ணை பஞ்சைக் கடித்துக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறுக்குள் பகேரியாவிலிருந்து ஒரேத்தோ வரைக்கும் தமிழ்ச்சனம் முழுவதற்கும் அவர் 'ஓம் சின்யோரா' ஆகிவிட்டார். ஆனால் அந்த மத்தியானம் எனக்கு அதெல்லாம் தெரியாது. சின்யோரா ஒரு வார்த்தை பேசாமல் படியேறினார். வீட்டுக்குள் வந்தும் பேசவில்லை. அந்த வீட்டில் முதன்முறையாக உண்மையான அமைதி.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நான் மாதா கோயில் பிள்ளை என்பது, யோகா தெரியாது என்பது, பள்ளிக்கூட உடற்பயிற்சி என்பது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த ஓந்து, ரெந்து, மூந்து?"

"ஊனோ, தூவே, த்ரே" என்றேன் தலையைக் குனிந்தபடி.

"கார்க் கண்ணாடியிலை ஒட்டியிருக்கிறது?"

"க்வாத்ரோ."

சின்யோரா ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், கதிரையிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தார். நாய்கள் எல்லாம் குரைத்தன. கீழேயிருந்து மரக்கறி வண்டிக்காரன், "சின்யோரா, கொஞ்சம் சத்தம் போடாதேங்கோ!" என்று கத்தினான். அவன் வாழ்நாளில் அதைவிட இனிமையான நாள் வந்திருக்காது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீங்கள் கடிதத்திலை எழுதிப்போடுவீங்கள், என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவினம்..." அழத் தொடங்கிவிட்டேன்.

அவர் பாயில் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார். "அண்டைக்கு வீடியோவிலை நான் கேட்டதுக்கெல்லாம் நீ ஆமாம் எண்டோ சொன்னனீ?"

"ஓம்."

"என்ரை பிள்ளையோடை பழகுவியோ எண்டு கேட்டதுக்கும்?"

"ஓம்."

"அப்ப எனக்கு வேறை என்ன வேணும்?"

கடிதம் அன்றே எழுதப்பட்டது. குவெஸ்தூராவுக்கும் அவரே கூட வந்தார். வரிசையில் நின்ற எல்லோருக்கும் அமைதியாக நிற்கும்படி கத்தினார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி என்னிடம், இத்தாலியன் விளங்குமா என்று கேட்டார். பதற்றத்தில் நான், "ஓம்" என்றேன். அதிகாரி புருவத்தைத் தூக்கினார்.

சின்யோரா கண்ணாடித் துவாரத்தில் வாயை வைத்தார். "சீ எண்டு சொல்லுறா! உங்களுக்குத் தமிழ் விளங்காதோ?"

பெர்மெஸ்ஸோ கிடைத்தது. வியாழக்கிழமை வகுப்பும் நிற்கவில்லை. முழங்கால் நோவெல்லாம் பறந்துவிட்டது என்று ஆறு பேரும் சொல்லும்போது நிறுத்துவது பாவம் என்றார் சின்யோரா. அவர்களுக்கு உண்மை இன்றுவரை தெரியாது. கார்க் கண்ணாடியில் 'நாலு' இப்போதும் இருக்கிறது. இந்தக் கதையைத் தமிழில் எழுதுவது எவ்வளவு நல்லது.

நான் இப்போது ஒரேத்தோப் பக்கம் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. காலையில் என் குழந்தைகள் கைகள் முன்னே, பக்கத்தே செய்கிறார்கள். கைப்பையில் நிரந்தர அட்டை இருக்கிறது. யாராவது கேட்டால் காட்ட நடுங்க வேண்டியதில்லை. ஞாயிறு மத்தியானம் பஸ் பிடித்துச் சீசாவுக்குப் போவேன். அந்த மனுஷியைப் பார்க்காமல் எனக்கு ஒரு கிழமை போகாது. மூன்றாம் மாடிக் கதவு எனக்காகத் திறந்தே கிடக்கும். நேரே போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் வாசலில் நின்று ஒருமுறை கேட்பேன்:

"பெர்மெஸ்ஸோ?"

நாலு வீட்டு நாய்களையும் குரைக்க வைக்கிற குரலில் உள்ளேயிருந்து பதில் வரும்:

"ஓம்! ஓம்! ஓம்!"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவேன்.