பொட்டு வைத்த இருபது தோட்டாக்கள்

வாய் திறந்து பேசத் தெரியாதவன் ஒரு பரிசைக் கொடுத்தாவது சமாளிப்பான் என்று நினைப்பவர்கள், நான் றொன்னுக்குக் கொடுத்த பரிசின் கதையைக் கேட்க வேண்டும்.

றொன் என்னோடு கதவுத் தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தில் நின்ற வெள்ளைக்காரன். என் வயதுதான். நானும் பேசமாட்டேன், அவனும் பேசமாட்டான். எட்டு மணித்தியாலத்தில் ஆளுக்கு ஆறு சொல் பேசியிருந்தால் அதிகம் (அதில் இரண்டு 'ஓகே').

ஒரு சனிக்கிழமை மார்க்கம் நகரிலுள்ள தன் வீட்டுக்குக் கூப்பிட்டான். கராஜுக்குள் ஒரு மேசை, ஒரு சின்னத் தராசு, கைப்பிடியை இழுத்து அமுக்கும் ஒரு கருவி. றொன் வேட்டைக்காரன். கடைத் தோட்டா அவனுக்குப் பிடிக்காது. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைத் துப்புரவாக்கி, வெடிமருந்து நிறைத்து, நுனியில் குண்டைப் பொருத்தித் தானே செய்துகொள்வான். மருந்தைத் துளித்துளியாகக் கூட்டுவதும், சுடும் திடலில் மும்மூன்றாகச் சுட்டுப் பார்ப்பதும், எந்த அளவில் மூன்று ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுகின்றன என்று குறிப்பதுமாக எங்கள் சனிக்கிழமைகள் போயின. தராசு அசையாமல் நிற்கும்வரை இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்போம். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில், "ஏன் பேசாமல் இருக்கிறாய்?" என்று யாரும் கேட்காத இடம் அந்தக் கராஜ் ஒன்றுதான்.

மனைவி வசந்திக்கு மட்டும் விளங்கவில்லை.

"இஞ்சாருங்கோ, அங்க துவக்குக்குப் பயந்து ஓடி வந்திட்டு, இஞ்ச துவக்குக்கு மருந்து நிறைக்கிறியளோ?"

(ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், துவக்கு லைசென்ஸ் சோதனையை இரண்டாம் முறையில் பாஸ் பண்ணியிருந்தேன். அதையும் அவள் மதிக்கவில்லை.)

அந்தக் கோடையில் றொன் வீட்டை விற்றுவிட்டான். பனிக்கு முதல் அல்பேர்ட்டாவில் இருக்கும் மகளிடம் போகப்போகிறானாம். ஏழு வருடம் காத்திருந்து, குலுக்கலில் மூஸ் என்ற பெரிய காட்டு மான் ஒன்றைச் சுட அனுமதி அப்போதுதான் விழுந்திருந்தது. "இந்தமுறை தோட்டாவை நீ செய். என்னைவிட உன் கை நிதானம்" என்றான்.

இருபது தோட்டா செய்தேன். நீ போனால் எனக்கு இங்கே ஒரு ஆளும் இல்லை என்று அவனிடம் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதாது (தமிழ் போதும் என்றும் சொல்லமாட்டேன்). சொல்ல முடியாததையெல்லாம் அந்த இருபதுக்குள் அடைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வேட்டைக்கு இரண்டு நாளைக்கு முன்னர் ஆயுத பூசை வந்தது. கும்பத்துக்கு முன்னால் வசந்தி மகனின் லப்ரொப்பையும் கார்த் திறப்பையும் வைத்தாள். நான் தோட்டாப் பெட்டியை வைத்தேன். ஒவ்வொரு தோட்டாவுக்கும் தடிப்பாகச் சந்தனம், நடுவில் குங்குமம். பிறகு துடைக்க மனம் வரவில்லை. வைத்த பொட்டை யாராவது அழிப்பார்களா?

வடக்கே, சதுப்புக் காட்டோரம், விடியற்காலைக் குளிர். றொன் கையுறையோடு இருட்டில் தோட்டாக்களைத் துவக்கின் பெட்டிக்குள் போட்டான். மிருகத்தைக் கண்ட பிறகுதான் ஒன்றைக் குழலுக்கு ஏற்றுவது அவன் வழக்கம். நன்றாக வெளித்தபோது மூஸ் வந்தது. ஒரு மினிவான் அளவு. றொன் தோட்டாவைக் குழலுக்கு ஏற்றத் துவக்கின் தாழ்ப்பாளைத் தள்ளினான். பாதியில் நின்றது. இன்னும் தள்ளினான். காய்ந்த சந்தனம் சிமெந்துபோல் இறுகி, தோட்டாவைக் குழலுக்குள் நுழைய விடவில்லை. மூஸ், பஸ்ஸைத் தவறவிட்டவர்களைப் பார்ப்பதுபோல் எங்களை ஒருதரம் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் காட்டுக்குள் போனது.

றொன் தோட்டாவை இழுத்து எடுத்தான். கையுறையில் சிவப்பு. முகர்ந்து பார்த்தான்.

"சிவா, இதென்ன?"

"காட்," என்றேன். "குட் லக்."

அவன் மூஸ் போன திசையை நெடுநேரம் பார்த்தான். ஏழு வருடம். எனக்கு அந்தச் சதுப்புக்குள் இறங்கிவிடலாம்போல் இருந்தது.

"உன் கடவுள் மூஸ் பக்கம்போல," என்று சொல்லிவிட்டு, தோளில் ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தான். அவ்வளவு நேரம் அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. அடுத்த மாதம் போய்விட்டான்.

அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் மூஸ் ஐயர். புதுக் கார் வாங்கினால், "அப்பா, டோன்ட் டச்," என்கிறான் மகன்.

ஒவ்வொரு ஒக்ரோபரும் றொன் அல்பேர்ட்டாவிலிருந்து எனக்குப் போன் எடுப்பான். "சிவா?" "யேஸ், றொன்." பிறகு அவனும் பேசமாட்டான், நானும் பேசமாட்டேன். போன வருடம் மகனுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, ஐ மிஸ் யூ எண்டு சொல்லுங்கோவன். மூண்டு சொல்லுத்தானே?"

குசினிக்குள்ளிருந்து வசந்தி சொன்னாள்: "விடடா. மூஸ் ஐயருக்கு மந்திரம் வராது."

வரும். றொன் போனை வைத்த பிறகு, எப்போதும் வரும்.