நேராகப் போகாத வண்டி

வண்டி மறுபடியும் கவிழ்ந்தது.

சலூன் தரையில் செங்கல்லை அடுக்கிச் சலூன்காரர் ஒரு மேடு கட்டியிருந்தார். பாதித் தூரம் அழகாகத்தான் ஊர்ந்து ஏறியது. உச்சிக்குப் பக்கத்தில் போனதும் இடமும் வலமுமாக நெளிந்து, மல்லாக்க விழுந்து, நாலு சக்கரமும் மேலே பார்த்துச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

"வண்டிக்குக் குளிர் ஜுரம் போலிருக்கே!" என்றார், முகமெல்லாம் நுரையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாத்தியார்.

"சிரிக்காதீங்க சார். ஞாயித்துக்கிழமை போட்டி."

ரிமோட்டில் ஓடும் பொம்மை வண்டிதான் அது. ஆனால் ஓட்டப்பந்தய வண்டி இல்லை. பாறை ஏறும் வண்டி. ஊருக்கு வெளியே இருக்கும் கல்குவாரியில், நட்டு வைத்த குச்சிகளுக்கு நடுவே, குச்சியில் உரசாமல் மெல்ல மெல்ல உச்சிக்கு ஏற வேண்டும். கடைசிக் குச்சிகளுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி நேராகப் போகாவிட்டால் கதை கந்தல்.

காலமெல்லாம் அடுத்தவர் தலையையே அழகுபடுத்திய மனுஷர், தனக்கென்று செய்துகொண்ட ஒரே சாமான் அது. சட்டத்தை அவரே அரம் போட்டு ராவினார். பழைய பவுடர் டின்னை வெட்டி மேல்கூடு செய்தார். இந்தத் தடவை மனைவியும் பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். ஒரே ஒரு முறை, அவள் கண் முன்னால், அது நேராக உச்சிக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

"சரி சார், கத்தியை எடுக்கிறேன்."

"வேணாம்பா, வேணாம்!" வாத்தியார் துண்டால் நுரையை அவசரமாகத் துடைத்தார். "நீ வண்டியைப் பாரு. மீதியை நான் வீட்ல போய் வழிச்சுக்கறேன்."

கொஞ்ச நாளாக வாத்தியார் இப்படித்தான். எதிர்க்கடை பால்காரரோ தாடியே விட்டுவிட்டார். கேட்டால், "இப்ப இதுதான் ஃபேஷன் அண்ணே" என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். ஊருக்கே தாடி ஆசை வந்துவிட்டதோ என்று நினைத்தார் சலூன்காரர். போகட்டும், வண்டி வேலைக்கு நேரம் கிடைக்கிறதே!

முன்சக்கரத்தைத் திருப்பும் குட்டி மோட்டார்தான் குற்றவாளி என்று முதலில் தீர்ப்புச் சொன்னார். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இன்னும் முரட்டு மோட்டாராக மாட்டினார். முன்பு நெளிந்த வண்டி இப்போது உதறியது. உதறியபடியே போய் முட்டியதில், கண்ணாடி மேசையில் இருந்த வாசனைத் தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து உடைய, கடை இரண்டு நாள் புதுமாப்பிள்ளை மாதிரி மணத்தது.

'கனம் போதவில்லை' என்று முன்சக்கரங்களுக்குள் பித்தளை வளையம் போட்டார். வீட்டில் தலையணைகளை மலையாக அடுக்கி ஏற்றிப் பார்த்தபோது, வண்டி அத்தனை கனத்தோடும் உருண்டு நேராக மனைவியின் கால்மேல் இறங்கியது.

"ஐயோ, என் காலு!"

"வலிக்குதா?"

"இல்ல, குளுகுளுன்னு இருக்கு! கேக்கறாரு பாரு கேள்வி!"

திட்டி முடித்து, நொண்டிக்கொண்டே போய் டீ கொண்டுவந்தாள். டம்ளரில் பாதிதான் இருந்தது.

"ஏண்டி, டீயில என்ன கஞ்சத்தனம்?"

"குடிங்க. வேணும்னா இன்னொரு தடவை ஊத்தறேன்."

அவளும் இப்போதெல்லாம் ஒரு தினுசாகத்தான் இருந்தாள். பொத்தான் வைத்த சட்டைகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, தலைவழியே மாட்டும் பனியன் சட்டையாக வாங்கித் தந்தாள். கேட்டதற்கு, "இஸ்திரி மிச்சம்" என்றாள்.

கடைசியாக ரிமோட்டையே மாற்றினார். விரலால் லேசாகத் தொட்டாலே கேட்கும் ரகம். கேட்டது; சொல்லாததையும் சேர்த்துக் கேட்டது. வண்டி பேய் பிடித்த மாதிரி ஆடியது. ஆடியதில் சக்கரத்துத் திருகாணி கழன்று ஓடிவிட்டது. அவர் எடுத்து மாட்டப் போக, அது விரலுக்கு அகப்படாமல் மறுபடி மறுபடி விழுந்தது.

"குடுங்க, நான் மாட்டறேன்." அவள் தரையில் மண்டியிட்டாள்.

"உனக்கெதுக்கு இந்த வேலை?"

"ஏன், எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?"

அவள் முகம் ஏன் வாடியிருந்தது என்று அவர் யோசிக்கவில்லை. கால்வலி என்று நினைத்துக்கொண்டார்.

போட்டிக்கு முதல் நாள், வண்டிப் பாகம் விற்கும் கடைக்கு இருவரும் போனார்கள். வண்டியை அவர் தூக்க அவள் விடவில்லை. மடியில் பிள்ளையை வைத்திருப்பதுபோல வழியெல்லாம் அவளே வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா, எல்லாத்தையும் மாத்தியாச்சு. இன்னும் கோணிக்கிட்டுத்தான் போகுது. எதுதான் கெட்டுப்போச்சுன்னு நீயாவது சொல்லு" என்று கடையில் இருந்த பெண்ணிடம் முறையிட்டார்.

கடைப்பெண் அட்டைப்பெட்டிகளைப் படியாக அடுக்கினாள்.

"முதல்ல நீங்க ஓட்டுங்கண்ணா, பாக்கலாம்."

ஓட்டினார். இரண்டாவது பெட்டியிலேயே நெளிந்து விழுந்தது.

கடைப்பெண் ரிமோட்டை வாங்கிக்கொண்டாள். வண்டி முதல் பெட்டியில் ஏறியது. இரண்டாவது. மூன்றாவது. உச்சியில் போய் அசையாமல் நின்றது, ஒரு குறையும் இல்லாத பிள்ளை மாதிரி.

"பார்றா! உன்னைக் கண்டு பயப்படுது!" சலூன்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "பார்த்தியாடி? நேரா போச்சு!"

"பார்த்தேங்க" என்றாள் மனைவி. அலமாரியில் இருந்த பெயிண்ட் டப்பாக்களில் எதையோ தேடுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொல்லும்மா, என்ன பார்ட் மாத்தணும்? நாளைக்குப் போட்டி."

கடைப்பெண் வண்டியைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள்:

"வண்டியில ஒண்ணும் இல்லண்ணா... ரிமோட்டை என்கிட்ட குடுத்து எவ்வளவு நேரமாச்சு, உங்க கட்டைவிரல் இன்னும் ஓட்டிக்கிட்டே இருக்கே."