சந்தில் ஒரு கலைஞர்

"பிரஷ்ல பெயிண்டே இல்லையே?"

கேட்டது யாரென்று டெஸ்மண்ட் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் குட்டு உடைந்துவிடும். கோதுமைக் காட்டு நடுவிலிருந்த அந்தச் சிற்றூரின் ஓவியக் குழுவில் அவர்தான் மூத்தவர். உப்பு ஏரியை இளஞ்சிவப்பில் வரைவதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஆனால் அடுத்தவர் பார்க்க ஒரு கோடு இழுக்க வராது. கை கட்டையாகிவிடும்.

தலைவி நோரீனோ, அந்த வருஷ விழாவில் கலைஞர்கள் எல்லோரும் மக்கள் முன்னால் வரையவேண்டும் என்று சொல்லிவிட்டாள். "எப்படி வரையறோம்னு ஜனங்க பாக்கட்டும். நமக்குப் பெருமைதானே?"

டெஸ்மண்ட் ஒரு தந்திரம் செய்தார். முடித்துக் காயவைத்த படத்தைக் கொண்டுவந்தார். விழா நடந்த பழைய ரயில்வே கொட்டகையின் கோடியில், நோரீன் எதற்கோ அலமாரிகளை நகர்த்தியதில் ஒரு சந்து உண்டாகியிருந்தது. அந்தச் சந்தை அடைத்தாற்போல் ஸ்டாண்டை நிறுத்தி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காய்ந்த தூரிகையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பலகை: 'கலைஞர் வரைந்துகொண்டிருக்கிறார். தொந்தரவு செய்யாதீர்கள்.'

"இப்பத்தான் தொடப் போறேன்," என்று முணுமுணுத்து, கைக்கு வந்த வண்ணத்தில் தூரிகையை முக்கினார். கை கட்டையாகிவிட்டது. ஏரியின் நட்டநடுவில் கறுப்பாக ஒரு பொட்டு விழுந்தது.

துணியால் துடைத்தார். பொட்டு பூசணிக்காய் அளவுக்கு அகன்றது.

பின்னால் கிசுகிசுப்பு. வெளியூரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள்.

"இன்னும் ரொம்ப நேரம் ஆகுமா?"

"சும்மா இருடி மேவிஸ். பலகையைப் பாத்தேல்ல? கலைஞர்!"

டெஸ்மண்டுக்கு முதுகு நிமிர்ந்தது. பூசணிக்காயை ஒரு ஆடாக்கிவிடலாம் என்று நாலு கால் வைத்தார். ஆடு நாற்காலி மாதிரி இருந்தது. இரண்டு காலை அழித்து, கழுத்தை நீட்டினார். கழுத்து அளவு மீறி வானத்துக்குள் போய்விட்டது. சரி, ஈமுப் பறவையாகவே இருக்கட்டும்.

ஆனால் ஒற்றை ஈமு வழிதவறி வந்ததுபோல் நின்றது. துணைக்கு இன்னொன்று போட்டார். அது முதல் ஈமுவை முறைத்தது. சமாதானம் பண்ண மூன்றாவதை ஆரம்பித்தார்.

"கடவுளே!" என்று யாரோ ஈனக் குரலில் சொன்னார்கள்.

"என்னால நிக்க முடியலடி."

"பல்லைக் கடிச்சுக்கோ. முடிக்கப் போறாரு பாரு."

ஓரக்கண்ணால் பார்த்தார். கொட்டகை வாசல்வரை வரிசை. மற்ற ஓவியர்களிடம் ஈ காக்கை இல்லை. அத்தனை பேரும் அவர் பின்னால்தான், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு!

அதற்குப் பிறகு அவர் கை கட்டையாகவில்லை. வானத்தில் புழுதிப்புயல் எழுந்தது. ஈமுக்கள் அதற்கு முன்னால் தலைதெறிக்க ஓடின. வருஷக்கணக்காக வெறுமையாகக் கிடந்த ஏரி முதல் தடவையாக உயிரோடு இருந்தது. நாலு பேர் பார்க்க நான் வரைகிறேன் என்ற நினைப்பில் கையெழுத்தையும் பெரிதாகப் போட்டார்.

எழுந்து நின்று திரும்பினார். "முடிஞ்சது!"

"அப்பாடா!" கொட்டகையே அதிர்ந்தது. சிலர் கைதட்டவும் செய்தார்கள். டெஸ்மண்ட் தலைவணங்கி, எல்லோரும் பார்க்கட்டும் என்று ஸ்டாண்டை வெளிச்சத்துக்கு நகர்த்தினார்.

அவ்வளவுதான். கூட்டம் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் பாய்ந்தது. மேவிஸ்தான் முதலில். உள்ளே எங்கோ ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

சத்தம் கேட்டு நோரீன் ஓடிவந்தாள். "யோவ் டெஸ்! கக்கூசுக்கு வழி பண்ணி வச்சா அதை அடைச்சிக்கிட்டா உக்காந்திருந்தே? பாவம், மூணு மணி நேரம் பஸ்ல வந்தவங்கய்யா!"

டெஸ்மண்டின் காது மடல் ஏரியின் நிறத்துக்கு வந்தது. தூரிகையைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது, பச்சை மழைக்கோட்டு போட்ட ஒரு பெண்மணி மட்டும் படத்தின் முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"வழி விட்டாச்சும்மா," என்றார் டெஸ்மண்ட் உடைந்த குரலில். "நீங்களும் போகலாம்."

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"நான் வழியில பெட்ரோல் பங்க்லயே போயிட்டு வந்துட்டேங்க. அந்த மூணாவது ஈமு என்ன ஆகப்போகுதுன்னு பாக்கத்தான் இவ்வளவு நேரமா நிக்கிறேன்."