ஆனைமுதுகுப் பாறைப் போர்

முகில் உரசும் கவுஞ்சி மலையின் குலக்கொழுந்தே, படிக்கட்டு நிலம் திருத்திப் பூண்டு விளைத்த மரபில் பேனா பிடித்த முதல்வனே, சர்வதேச உறவுகள் என்னும் முதுகலைக் களத்தில் இரண்டாமாண்டு நிற்கும் குமாரவேலே, நீ வாழ்க! உன் வீரம் பாட வந்த எமக்குச் சொல்வளமும் குறைவு, மூச்சும் குறைவு. பாறை ஏறுமுன் இருமுறை உட்கார்ந்துவிட்டோம். ஆகவே, நான்கு கோடாய் எழுந்து, ஒரு கோடாய் இளைத்து, கண்ணிமைக்குமுன் இன்மையாகும் சிக்னல் தேவியே, இக்கதை முடியும்வரையாவது எம்மோடு இருந்தருள்க!

கேளீர். 'நாடுகளின் எல்லைத் தகராறுகளை இன்சொல்லால் தீர்த்தல்' என்னும் அவனது ஆய்வுக்கு, கடல்கடந்த பல்கலைக்கழகம் ஒன்று போக்குவரத்துச் செலவும் உணவும் உறையுளும் தந்து ஒரு பருவம் அழைத்துக்கொள்ளச் சித்தமாயிருந்தது. இடையில் நின்றது ஒரே ஒரு காணொளி நேர்காணல். அது தவறினால் இன்னோர் அழைப்பு இல்லை.

ஊரிலோ, காணொளி தாங்கும் வலிமையுள்ள சிக்னல் ஆனைமுதுகுப் பாறையின் உச்சியில், ஓராள் நிற்குமிடத்தில் மட்டுமே இறங்கும். அங்கே பேச வருவோர் செருப்பில் ஒன்றை வரிசையில் விட்டுப்போவதும், செருப்பின் முறை வந்ததும் அதன் உடையார் ஏறுவதும் மலையோர் அறம். அரச முத்திரையை அழித்தாலும் அழிக்கலாம். விட்ட செருப்பைத் தொடலாகாது.

பத்து மணிக்கு நேர்காணல். ஒன்பதரைக்கே, இடுப்புக்குமேல் இஸ்திரிச் சட்டையும் இடுப்புக்குக்கீழ் சேறுபட்ட லுங்கியும் புனைந்து, சிங்கம் குகை நீங்கினாற்போல் புறப்பட்ட நம் நாயகன் பாறையடி அடைந்தான். அந்தோ! அவனுக்கு முன்னே கிடந்தது ஊக்கு குத்திய நீலவார்ச் செருப்பொன்று. வடுகபட்டிக் கமிஷன் கடையோடு பூண்டு விலை பேசத் தொடங்கினால் கதிரவன் உச்சிக்கு வரும்வரை பாறைவிட்டு இறங்காத அவன் சித்தி பாப்பம்மாளின் செருப்பு! இடம் நோக்கினான், வலம் நோக்கினான், எவருமில்லை. எல்லை மீறலின் கொடுமையைப் பக்கம் பக்கமாய் எழுதிய அப்பேரறிஞனின் கால் கட்டைவிரல், அச்செருப்பை மெல்ல, மிக மெல்ல, அவன் கழற்றி விட்ட செருப்புக்குப் பின்னால் தள்ளியது.

வானிடிபோல் வந்தது குரல்.

“ஏலே, செருப்ப நகட்டுனது நீதான? வெள்ளனே வந்து போட்டதுடா அது!”

“சித்தி, பத்து மணிக்கு வெளிநாட்டுக்காரங்க பேசுறாங்க. சண்டையில்லாம உலகம் எப்பிடி இருக்கணும்னு நான் சொல்லணும். வெரசா விடுங்க!” என்று முழங்கினான் வீரன்.

“அதுக்கு மொதல்ல அடுத்தவ செருப்ப நகட்டாம இருக்கணும்.”

அச்சொல்லம்பு தைக்க, காட்டுமாடு புகுந்த கேரட் பாத்தியென நிலைகுலைந்தான். கற்ற இன்சொல் அனைத்தையும் எய்தான், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில், தோற்ற மன்னர் திறை செலுத்துவதுபோல், அன்று மத்தியானம் முழுதும் அவள் தோட்டத்தில் பூண்டுத் தாள் அறுத்துத் தருவதாக உடன்படிக்கை செய்தான்.

“சாப்புட்ட கையோட வந்துரணும். சோலி கெடக்குன்னு நழுவுன, அம்புட்டுதான்” என்று ஆணையிட்டு, கமிஷன் கடையைக் காக்கவைத்து விலகி நின்றாள் அப்பெருமாட்டி.

ஏறினான். நான்கு கோடும் ஒளிர்ந்தன. குன்றெறிந்த குமரனேபோல் நிமிர்ந்து, லுங்கி தெரியாவண்ணம் கைபேசியை உயர்த்தி, இணைப்பைத் தொட்டான். திரையில் எவருமில்லை. பத்தேகால் ஆயிற்று, பத்தரை ஆயிற்று. இஸ்திரி கலைந்தது, புன்னகை காய்ந்தது. அழைப்பு மடலை மீண்டும் திறந்தான். உலகின் சிக்கல் அனைத்தையும் கசடறக் கற்ற அவ்வறிவாளன், மடலில் கண்ட பத்து மணி அந்த ஊர்ப் பத்து மணி என்றும், நம்மூரில் அது மத்தியானம் இரண்டரை என்றும், அதாவது தாளறுக்கும் திறைப்பொழுது என்றும் உணர்ந்து, வேரற்ற யூக்கலிப்டஸ் மரமெனப் பாறைமேல் சாய்ந்தான்.

கீழிருந்து பாப்பம்மாள் அண்ணாந்து பார்த்தாள்.

“என்னடா, வெள்ளக்காரனும் செருப்பப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டானா?”

“இல்ல சித்தி… அது மத்தியானமாம்.”

அவள் சிரித்த சிரிப்பில் கூக்கால் ஏரி வரை குருவிகள் எழுந்து பறந்தன. திசையானைகள் செவி மடக்கின. மேகப்படைகள் மலைவிளிம்பில் அணிவகுத்தன.

இரண்டரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. சித்தி குடை பிடித்தாள், அவன் பேசினான்.